போர்டு இருக்கு, போனில் காணோம்: மதுரைக் கடைக்காரர்களின் கோளாறுகளும் சரிசெய்யும் விதமும்

அச்சகம் வைத்திருப்பவன் நான். நோட்டீஸ், பில் புத்தகம், பை, அப்புறம் மதுரை என்றால் சொல்லவே வேண்டாம், போஸ்டர். சில வருடங்களாக நோட்டீஸுக்கு மேட்டர் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் கையெழுத்துத் தாளோடு போனையும் நீட்டி, "அண்ணே, கடை கூகுள்லயும் ஃபேஸ்புக்லயும் சரியா வர மாட்டேங்குது, இதையும் ஒரு பார்வை பாருங்க" என்கிறார்கள். பார்த்துப் பார்த்து, வருகிற கோளாறுகள் பத்துப் பதினொன்றுக்குள் முடிந்துவிடும் என்று தெரிந்துகொண்டேன். அவர்கள் சொல்லும் சொல்லையே தலைப்பாக வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் குறை எதுவோ அங்கே போய்ப் படியுங்கள்.

அதற்கு முன் ஒரே ஒரு சோதனை. உங்கள் சொந்தப் போனை நம்பாதீர்கள். தினமும் உங்கள் கடையையே பார்க்கும் போன், எதைத் தட்டினாலும் உங்கள் கடையைத்தான் முதலில் காட்டும். பக்கத்து டீக்கடையில் நிற்கும் யாரிடமாவது போனை வாங்கி மூன்று காரியம் செய்யுங்கள். கடைப் பெயரைத் தட்டுங்கள். பெயரை விட்டுவிட்டுத் தொழிலையும் ஏரியாவையும் மட்டும் தட்டுங்கள், 'செல்லூர் ஜெராக்ஸ்' என்பது போல. மூன்றாவதாக, வழி காட்டும் பொத்தானை அழுத்தி அம்புக்குறி எந்த வாசலில் போய் முடிகிறது என்று பாருங்கள். எந்தக் காரியத்தில் தடுக்கியதோ அதுதான் உங்கள் கோளாறு.

"பேரைப் போட்டாலும் மேப்பில் வரலை"

முதல் கேள்வி: பதிவே செய்தீர்களா? ஃபேஸ்புக்கில் பக்கம் இருந்தால் கூகுளிலும் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். இரண்டும் வேறு வேறு கடைகள். கூகுளில் வருவதற்குக் கூகுள் பிசினஸ் புரொஃபைல் வேண்டும். காசு கிடையாது. 2021 வரை இதற்கு கூகுள் மை பிசினஸ் என்று பெயர். அந்தக் காலத்து யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு, "அந்த ஆப்பைக் காணோமே" என்று தேடுகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். அந்த ஆப் இப்போது இல்லை. பதிவு செய்த ஜிமெயிலில் நுழைந்து, கூகுளிலேயே கடைப் பெயரைத் தட்டினால் திருத்தும் பொத்தான்கள் அங்கேயே வரும்.

பதிவு செய்தும் வரவில்லை என்றால் சரிபார்ப்பு பாக்கியாக இருக்கும். இப்போது பெரும்பாலும் வீடியோதான் கேட்கிறார்கள். இதில் தோற்றுப்போகிறவர்கள் எல்லாம் கல்லாவில் உட்கார்ந்தபடியே உள்ளே சுற்றிக் காட்டிவிட்டு அனுப்புகிறவர்கள். காலையில் கடை திறக்கும்போதே எடுத்துவிடுங்கள். தெருவில் நின்று தொடங்கி, தெருப் பெயர்ப் பலகையோ பக்கத்துக் கடை போர்டுகளோ தெரியட்டும். அப்படியே நடந்து உங்கள் போர்டு. பிறகு பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்குவது. உள்ளே மெஷின், பில் புத்தகம், சான்றிதழ். நடுவில் நிறுத்தாமல், வெட்டாமல், ஒரே ஓட்டம். ஷட்டர் தூக்குவதுதான் முக்கியமான காட்சி, கடை உங்கள் கையில் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. வேறு ஆட்களின் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் வர ஐந்து வேலை நாள் வரை ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து இன்னொரு பதிவைத் தொடங்காதீர்கள்.

சரிபார்த்து, வந்துகொண்டிருந்து, திடீரென்று காணாமல் போனால் பெயரைப் பாருங்கள். போர்டில் இரண்டே சொல் பெயர் இருக்கும். போனிலோ அதன் பின்னால் வால் போல 'மதுரையின் நம்பர் ஒன் லேடீஸ் டெய்லர் ஆரி ஒர்க் பிளவுஸ் டிசைன்' என்று நீளும். தேடுகிற சொல்லை எல்லாம் பெயரில் திணித்தால் மேலே வரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சில காலம் வரவும் வரும். ஆனால் வெளியே போர்டில் என்ன பெயரோ அதுதான் இங்கேயும் என்பது கூகுளின் விதி. யாராவது புகார் செய்தால் பதிவை முடக்கிவிடுவார்கள். முதலில் பெயரைத் திருத்துங்கள், பிறகு மேல்முறையீடு செய்யுங்கள். இந்த வரிசை மாறினால் மேல்முறையீடு நிற்காது.

ஒரே கடைக்கு மேப்பில் இரண்டு புள்ளி இருப்பதும் உண்டு. ஒன்று நீங்கள் வைத்தது, மற்றொன்று எப்போதோ ஒரு வாடிக்கையாளர் ஆர்வத்தில் சேர்த்தது. பாராட்டு எல்லாம் அதில் விழுந்திருக்கும், போன் நம்பர் இதில் இருக்கும். யாரும் உரிமை கோராத புள்ளியில், இந்த வணிகத்தின் உரிமையாளர் நீங்களா என்ற கேள்வி இருக்கும். அதை அழுத்தி உரிமை வாங்கிவிட்டு, இரட்டையை ஒன்றாக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இடம் மாறியவர்கள் கவனிக்க: புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடைகள் போனது போல உங்கள் கடையும் மாறினால், பழைய பதிவிலேயே முகவரியை மாற்றுங்கள். பழைய இடத்தை மூடப்பட்டது என்று குறித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் இத்தனை வருட விமர்சனமும் அங்கேயே நின்றுவிடும்.

வீட்டில் இருந்து தொழில் செய்கிறவர்கள், திருநகரில் மாவு அரைத்துக் கொடுக்கும் அக்காவோ பசுமலையில் பிளவுஸ் தைப்பவரோ, வீட்டு முகவரியை ஊருக்கே காட்ட வேண்டிய அவசியம் இல்லை. முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்த ஏரியாவுக்குச் செய்து கொடுக்கிறீர்கள் என்று மட்டும் குறிக்கலாம், 20 இடம் வரை.

"பேரைப் போட்டா வருது, தொழிலைப் போட்டா வரலை"

பெயரைத் தட்டுகிறவர் ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர். தொழிலைத் தட்டுகிறவர்தான் புதிய ஆள். ஆகவே உண்மையான பசி இந்தக் கோளாறில்தான் இருக்கிறது.

உள்ளூர்த் தேடலில் யாரை மேலே காட்டுவது என்பதற்குக் கூகுள் மூன்று விஷயம் சொல்கிறது: பொருத்தம், தூரம், பெயரெடுத்திருப்பது. இதில் தூரம் நம் கையில் இல்லை. அண்ணா நகரில் உட்கார்ந்து தேடுகிறவருக்கு வில்லாபுரத்துக் கடை கீழேதான் கிடக்கும். அது கோளாறே கிடையாது, அதற்காகக் காசு செலவழிக்காதீர்கள்.

பொருத்தம் நம் கையில் இருக்கிறது. முதல் வகைப்பாட்டில் சும்மா 'கடை' என்றோ 'ஜவுளி' என்றோ இருந்தால், அதைக் குறுக்குங்கள். எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. பிறகு விவரக் குறிப்பில் ஜனங்கள் வாயில் வரும் சொல்லைப் போடுங்கள். நாம் 'மகளிர் ஆடை வடிவமைப்பகம்' என்று எழுதி வைத்திருப்போம். தேடுகிறவர் தட்டுவது 'ஜாக்கெட் தைக்கிற இடம்'. தமிழிலும் தேடுவார்கள், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தும் தேடுவார்கள், போனிடம் வாயால் சொல்லியும் தேடுவார்கள். கவுன்டரில் நிற்பவர் எந்தச் சொல்லில் கேட்கிறாரோ அதை ஒரு வாரம் பில் புத்தகத்தின் ஓரத்தில் குறித்து வையுங்கள். அதைவிடப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

வலைப்பூ இங்கேதான் உதவும். வலைப்பூ செத்துப்போச்சு என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்ஸ்டாவில் போட்டது இரண்டு நாளில் கீழே போய்விடுகிறது. வலைப்பூவில் ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதி வைத்தால் அடுத்த வருடமும் அது ஆள் பிடித்துக் கொடுக்கும். சுங்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. கடைக்கு வருகிறவர்கள் கேட்பது நாலே கேள்வி: சாயம் போகுமா, எப்படித் துவைப்பது, கஞ்சி போடலாமா, இது கையால் முடிச்சுப் போட்டதா இல்லை அச்சா. கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு பதிவு எழுதுங்கள். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த புள்ளி ஒன்று போல ஒன்று இருக்காது, ஓரம் கொஞ்சம் கசிந்திருக்கும், முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி லேசாகக் கூம்பி நிற்கும். அச்சுப் புள்ளி எல்லாம் ஒரே அச்சாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து உங்கள் கடை மேசை மேலேயே எடுத்த படம் இரண்டு. கடைசியில் எந்தத் தெரு, எத்தனை மணி வரை, என்ன விலையில் இருந்து. இவ்வளவுதான் பதிவு. 'எங்கள் நிறுவனம் பாரம்பரியமும் நவீனமும் கலந்த' என்று ஆரம்பிக்கிற பதிவை யாரும் தேடி வரப்போவதில்லை. அந்த வாசகத்தை நானே நூறு நோட்டீஸில் அடித்திருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

கூகுளின் இலவச வலைப்பூத் தளமான ப்ளாகரில் எழுதுகிறவர்களுக்கு ஒரு மறைவான கோளாறு உண்டு. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால், பதிவின் முகவரியில் அந்தத் தமிழ் எழுத்து ஏறாது; வெறுமனே 'ப்ளாக் போஸ்ட்' என்றும் ஓர் எண்ணும் சேர்ந்த முகவரியாக ஆகிவிடும். வெளியிடுவதற்கு முன்பே அமைப்புப் பகுதியில் நிலையான இணைப்பு என்ற இடத்தில், ஆங்கில எழுத்தில் 'மதுரை சுங்குடி துவைக்கும் முறை' என்பது போல நீங்களே கொடுத்துவிடுங்கள். எழுதி ஒரு மாதம் ஆகியும் கூகுளில் வரவே இல்லை என்றால், தேடுபொறிகளுக்குக் காட்டு என்ற அமைப்பு அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். எரிகிறது என்றால் சர்ச் கன்சோல் என்ற கூகுளின் இலவசக் கருவியில் வலைப்பூவைப் பதிந்து, பதிவின் முகவரியை நீங்களே கொடுத்து வரிசையில் சேர்க்கச் சொல்லலாம்.

"வழி கேட்டே பாதி போன் வருது"

இது மதுரைக்கென்றே அமைந்த கோளாறு. ஆடி வீதி கோயிலுக்கு உள்ளே இருக்கட்டும்; வெளியே கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒவ்வொரு சுற்றிலும் நான்கு. 'மாசி வீதியில் கடை' என்றால் நாலு பக்கமும் தேட வேண்டியதுதான். அதோடு நாம் மேலமாசி வீதி, கீழமாசி வீதி என்போம்; மேப்பிலோ ஆங்கிலத்தில் மேற்கு, கிழக்கு என்று இருக்கும். வெளியூர்க்காரர் ஒருவர் கீழமாசி வீதியைக் கீழ்த் தளம் என்று நினைத்துக்கொண்டு, "படி எங்கே இறங்குது?" என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் கதவு எண். பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, போர்டில் எது இருக்கிறது என்று கடைக்காரருக்கே சந்தேகம்.

சரிசெய்யும் விதம்: முகவரியில் திசையையும் சேர்த்து முழுப் பெயரை எழுதுங்கள், பழைய எண், புதிய எண் இரண்டையும் போடுங்கள், இந்த வடிவத்தையே கூகுள், ஃபேஸ்புக், பில், பை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வையுங்கள். பிறகு மேப்பைச் செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றி, கடையைக் குறிக்கும் குண்டூசியை விரலால் நகர்த்தி உங்கள் வாசலிலேயே நிறுத்துங்கள். நெருக்கமான தெருவில் அது பின் சந்தில் போய் நின்றால், மேப்பும் பின் சந்துக்குத்தான் கூட்டிப்போகும். சந்துக்குள் கடை என்றால் பிளஸ் கோடு, அதாவது மேப் தரும் எழுத்தும் எண்ணும் கலந்த இடக் குறியீடு, எடுத்து வாட்ஸ்அப் தானியங்கிப் பதிலில் போட்டுவையுங்கள். ஆட்டோக்காரருக்கு அது பயன்படாது, அவருக்கு 'விளக்குத்தூணில் இறங்கி' என்று ஆரம்பித்தால்தான் புரியும். இரண்டும் வேண்டும்.

வண்டி நிறுத்தம்தான் அடுத்த கேள்வி. காரில் வருகிறவர் கோயில் பக்கம் வரவே யோசிப்பார். பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டு உங்கள் கடைக்கு எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்று ஒருமுறை நீங்களே நடந்து பார்த்து எழுதுங்கள். அந்த வழியை நடந்துகொண்டே எடுத்த அரை நிமிட வீடியோ, டிரோன் வைத்து எடுத்த விளம்பரப் படத்தைவிட அதிகம் வேலை செய்யும்.

சித்திரைத் திருவிழாவில் மேப்பை நம்பி யாரும் வர முடியாது. மாசி வீதிகளில் தேர் வரும் நாளில் எந்தப் பாதை அடைப்பு, கடை எத்தனை மணிக்குத் திறப்பு என்று முந்தின நாளே போடுங்கள். கூகுளில் சிறப்பு நேரம் என்று தனியாக இருக்கிறது, அதில் மாற்றாமல் ஃபேஸ்புக்கில் மட்டும் சொன்னால் கூகுள் பாட்டுக்கு 'இப்போது திறந்திருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருக்கும். நம்பி வந்து பூட்டைப் பார்த்தவர் உங்களைத்தான் திட்டுவார்.

"லைக் வருது, ஆள் வரலை"

அதிகம் கேட்கும் புலம்பல் இது. ஜிகர்தண்டா ஊற்றும் வீடியோ போட்டால் துபாயில் இருக்கும் மதுரைக்காரர் ஆர்ட்டின் போடத்தான் செய்வார். அவர் வந்து குடிக்கப்போவது அடுத்த லீவில். கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அவரை வைத்துக் கணக்குப் போடவும் வேண்டாம். பக்கத்தின் உள்ளே போய், பின்தொடர்கிறவர்கள் எந்த ஊர் என்று பாருங்கள். மதுரை முதல் வரியில் இல்லை என்றால் காரணம் அங்கே இருக்கிறது.

காசு கட்டி பூஸ்ட் செய்திருந்தால், எந்த இடத்துக்கு என்று பாருங்கள். இந்தியா முழுக்க என்று கிடக்கும், அல்லது தமிழ்நாடு. ஊர்ப் பெயரைத் தேர்ந்தால்கூட வட்டம் பெரிதாகத்தான் விழும். குண்டூசி வைத்து, கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டர் என்று சுருக்குங்கள். ஒத்தக்கடையில் இட்லி மாவு விற்கிறவருக்குத் திருமங்கலத்தில் இருந்து ஒரு லைக் வந்து என்ன ஆகப்போகிறது? மாறாக, கல்யாணப் பட்டு, நகை, ஆல்பம் என்றால் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி எல்லாம் சேர வேண்டும். அவர்கள் அதற்காகப் பஸ் ஏறி வருகிறவர்கள். உங்கள் சரக்குக்கு ஜனம் எவ்வளவு தூரம் வரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், ஃபேஸ்புக்குக்குத் தெரியாது.

அடுத்தது, போடுகிற விஷயம். எந்த ஊரிலும் போடக்கூடிய படத்தைப் போட்டால் எந்த ஊர்க்காரரும் பார்ப்பார். இந்த ஊர்க்காரருக்கு மட்டும் தேவைப்படுவதைப் போடுங்கள். பூக்கடைக்காரர் காலையில் மாட்டுத்தாவணிச் சந்தையில் மல்லி கிலோ என்ன விலைக்குப் போனது என்று ஒரு வரி போடட்டும். முகூர்த்த நாளில் எகிறி, மறுநாள் இறங்குகிற விலை அது. வீட்டுக்கு வீடு தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற சேதி. தினமும் அதைப் பார்க்க வருகிறவர், மாலை கட்ட வேண்டும் என்றால் வேறு யாரைக் கேட்பார்? ஜெராக்ஸ் கடைக்காரர் நாளைக்கு எங்கள் பக்கம் மின்தடை, ஒன்பது மணிக்கு முன்பே வந்துவிடுங்கள் என்று போடட்டும்.

காலக் கணக்கும் தப்பாகவே போகிறது. ஆவணியில் கல்யாணம் என்றால் ஆவணியில் பிளவுஸ் விளம்பரம் போடுகிறார்கள். அப்போது தையல்காரர் கையில் நேரமே இருக்காது, வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். ஆடியில் போடுங்கள். கல்யாணம் இல்லாத மாதம், மெஷின் சும்மா இருக்கும் மாதம், ஆடியில் ஆர்டர் பிடித்தால்தான் ஆவணிக்குத் தைத்து முடியும். மீனாட்சி திருக்கல்யாணத்தன்று பெண்கள் தாலிக்கயிறு மாற்றுவது ஊருக்கே தெரியும். பூஜைச் சாமான் கடைக்காரர் அதற்கு ஒரு வாரம் முன்பாவது வாய் திறக்க வேண்டாமா? தினசரிக் காலண்டரைக் கிழிக்கிறபோது மூன்று வாரம் முன்னால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், போட வேண்டிய விஷயம் அதிலேயே இருக்கும்.

விலையை மறைக்கிற பழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே ஒருவர் விலை என்ன என்று கேட்டால், 'இன்பாக்ஸ் வாங்க' என்று பதில். நம் ஊரில் கடை வாசலில் நின்று விலை கேட்டு, உள்ளே கூப்பிட்டால் நகர்ந்துவிடுகிற ஜனம். போனில் மட்டும் உள்ளே வருமா? சரியான விலை சொல்ல முடியாவிட்டால் 'இவ்வளவில் இருந்து' என்று சொல்லுங்கள்.

"வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், யாருக்கும் போகலை"

பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்த்து, ஆடித் தள்ளுபடி என்று அனுப்பியிருப்பார். நாற்பது பேருக்குப் போயிருக்கும். காரணம் ஒன்றுதான்: உங்கள் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போகும். நீங்கள் அவர்கள் நம்பரை வைத்திருப்பது போதாது. ஆகவே பில் போடும்போதே, "உங்க பிளவுஸ் ரெடியானதும் இந்த நம்பர்லதாம்மா மெசேஜ் வரும், சேவ் பண்ணிக்கங்க" என்று சொல்லுங்கள். காரணம் சொன்னால் பதிவார்கள். 'எங்களைப் பின்தொடருங்கள்' என்று பையில் அச்சடித்தால் யாரும் பதிவதில்லை. அடித்துக் கொடுத்தவன் சொல்கிறேன்.

இதற்குப் பதிலாக எல்லோரையும் ஒரு குரூப்பில் போடுவது தப்பு. வாடிக்கையாளர் நம்பர் எல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்துவிடும். பெண்கள் அதிகம் வரும் கடை என்றால் அதனால் வரும் வம்பு உங்கள் தலையில்தான் விடியும். மறுநாள் காலையில் குட் மார்னிங் பூப்படம் வேறு. 2023 செப்டம்பரில் இருந்து இந்தியாவில் சேனல் வசதி இருக்கிறது. அதில் சேருகிறவர்களின் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது, சேவ் செய்ய வேண்டிய தேவையும் இல்லை. மொத்தமாகச் செய்தி அனுப்பித் தருகிறோம் என்று வேறு ஆப் விற்க வருகிறவர்களை வாசலோடு அனுப்புங்கள். அதில் நம்பரே முடக்கப்படும். பதினைந்து வருடமாகப் போர்டில் இருக்கும் நம்பர் போனால் மீட்பது கஷ்டம்.

"ஸ்கேன் பண்ணா வேற எங்கேயோ போகுது"

இது என் சொந்தத் தவறு, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். ஒருவருக்கு 2,000 நோட்டீஸ் அடித்தேன், ஸ்கேன் செய்தால் வாட்ஸ்அப் திறக்கிற கியூஆர் கட்டத்தோடு. அவர் எழுதிக் கொடுத்த தாளில் போன் நம்பருக்கு முன்னால் பழக்கத்தில் ஒரு பூஜ்யம் இருந்தது. நான் அதற்கு முன்னால் 91 சேர்த்து இணைப்பைச் செய்தேன். டபிள்யூஏ டாட் எம்ஈ என்று தொடங்கும் அந்த இணைப்பில் 91, அதற்கடுத்துப் பத்து இலக்கம், அவ்வளவுதான் இருக்க வேண்டும். கூட்டல் குறி, பூஜ்யம், இடைவெளி எதுவும் ஆகாது. நோட்டீஸ் விநியோகம் ஆன பிறகுதான் அவர் போன் செய்தார். மிச்சம் இருந்த நோட்டீஸுக்கு வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ராத்திரி வரை ஸ்டிக்கர் ஒட்டினோம்.

அன்றிலிருந்து ஒரு பிரதி எடுத்து, மூன்று வேறு போனில் ஸ்கேன் செய்யாமல் மெஷினை ஓட்டுவதில்லை. நீங்களும் அப்படிக் கேட்டு வாங்குங்கள். கட்டத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் இருக்க வேண்டும், டிசைனர் அழகுக்காக அதை வெட்டிவிடுவார். பளபள லேமினேஷன் டியூப் லைட்டில் கண்ணைக் கூசினால் கேமராவுக்கும் கூசும். பத்தடி தள்ளி நின்று ஸ்கேன் செய்ய வேண்டுமானால் கட்டம் ஓரடியாவது வேண்டும். இலவசமாகக் கட்டம் செய்து தரும் சில தளங்கள், சோதனைக் காலம் முடிந்ததும் இணைப்பை நிறுத்திவிடும், அல்லது தங்கள் விளம்பரத்துக்குத் திருப்பிவிடும். இணைப்பு நேரடியாகக் கட்டத்துக்குள்ளேயே இருக்கிற வகையைத்தான் கேட்க வேண்டும்.

"தமிழ்ல அடிச்சது குப்பையா வருது"

கணினியில் அச்சுக்கோக்கும் டிடிபி ஆளிடம் மேட்டரை வாங்கி அப்படியே ஃபேஸ்புக்கில் ஒட்டியிருப்பீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் முகமூடி. அந்த எழுத்துரு இல்லாத போனில் முகமூடி கழன்றுவிடும். எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித் தரச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை. 2010-லேயே அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது, எங்கள் தொழிலில் சிலர்தான் இன்னும் விடவில்லை. இன்னொன்று, நோட்டீஸ் படத்தை மட்டும் போட்டால் அதில் உள்ள எழுத்து தேடலில் வரும் என்று நம்ப முடியாது. கடைப் பெயர், தெரு, நேரம், சரக்கு நாலையும் படத்துக்கு மேலே எழுத்தாகவும் அடியுங்கள். அடிக்கச் சிரமமாக இருந்தால் விசைப்பலகையில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசுங்கள், அதுவே எழுதிக்கொள்ளும்.

"ரீல்ஸில் பாட்டு போயிருச்சு"

வணிகக் கணக்குக்குச் சினிமாப் பாட்டு உரிமை கிடையாது, அதுதான் விஷயம். உங்கள் தையல் மெஷின் சத்தமோ தோசைக் கல் சத்தமோ போதும்.

"எவனோ ஒத்தை ஸ்டார் குடுத்துட்டான்"

முதலில் அன்றைய பில்லைப் பாருங்கள். அவர் சொல்வது நிஜமாக இருந்தால், ராத்திரியே பதில் எழுதாதீர்கள், காலையில் எழுதுங்கள். என்ன ஆனது, என்ன செய்து தருகிறோம், இரண்டு வரி. உங்கள் பதிலை அவர் படிப்பதைவிட அடுத்து வருகிற ஐம்பது பேர் படிப்பார்கள். வராத ஆள், பக்கத்துக் கடைப் போட்டி என்று உறுதியாகத் தெரிந்தால் புகார்ப் பொத்தானை அழுத்தி, 'இந்தப் பெயரில், இந்தத் தேதியில் எங்களிடம் பில் இல்லை' என்று மட்டும் எழுதுங்கள். ஐந்து ஸ்டார் போட்டால் ஐம்பது ரூபாய் தள்ளுபடி என்று எழுதி ஒட்டாதீர்கள். கூகுள் விதிப்படி அது கூடாது, போட்ட நல்ல விமர்சனமும் சேர்ந்து போய்விடும். சொந்தக்காரர்களை வைத்து ஒரே நாளில் இருபது போடுவதும் அதே கதிதான்.

"செஞ்சு குடுத்த தம்பி வேலையை விட்டுப் போயிட்டான்"

பக்கம் அவன் ஜிமெயிலில், பாஸ்வேர்ட் அவன் போனில். அவனிடம் நல்லவிதமாகப் பேசி, உங்களைச் சேர்த்துவிட்டு உரிமையாளராக மாற்றச் சொல்லுங்கள். அதுதான் சுலபம். ஆளே கிடைக்கவில்லை என்றால் கூகுளில் உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். பழைய உரிமையாளர் சில நாளுக்குள் பதில் தராவிட்டால் சரிபார்த்து வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு வரும். ஃபேஸ்புக்கில் இது கஷ்டம். கிடைத்தபின், கடைக்கென்று தனி ஜிமெயில் தொடங்கி, வீட்டில் இன்னொருவரையும் நிர்வாகியாகச் சேர்த்து, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, மீட்பு எண்ணாக உங்கள் நம்பரைக் கொடுங்கள்.

"கூகுள்ல இருந்து பேசுறோம்னு போன் வருது"

கடைப் பதிவு காலாவதியாகிறது, புதுப்பிக்கப் பணம் கட்டுங்கள் என்பார்கள். கடைப் பதிவுக்குக் கூகுள் பணம் வாங்குவதில்லை, புதுப்பித்தலும் கிடையாது. ஃபேஸ்புக்கில் 'உங்கள் பக்கம் காப்புரிமை மீறியதால் இருபத்துநாலு மணி நேரத்தில் நீக்கப்படும்' என்று இணைப்போடு வரும் செய்தியும் அதே ஜாதி. தட்டினால் பாஸ்வேர்ட் போகும். மொத்த ஆர்டர் என்று பேசி, உங்களுக்கு முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி, கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்பவரும் உண்டு. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஓடிபி கொடுத்தாகிவிட்டது, பணம் போய்விட்டது என்றால் யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டு நிற்காமல் உடனே 1930-க்கு அடியுங்கள், அடுத்த போன் வங்கிக்கு. எங்களிடம் வந்து கேட்பதெல்லாம் அப்புறம்.